வயர்டு ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா? படிப்படியாகப் பார்க்கலாம்

வைஃபை இல்லாமல், கேபிள் வழியாக மட்டுமே சாதனங்களை இணைப்பது வயர்டு ரவுட்டர். டெஸ்க்டாப், பிரின்டர், சிசிடிவி ரெக்கார்டர், பில் போடும் கணினி என்று ஒரே இடத்தில் இருக்கும் சாதனங்களுக்கு இதுதான் நம்பகமானது. செல்போனுக்கு வைஃபை வேண்டுமென்றால் தனியாக ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) மாட்டிக்கொள்ளலாம். பிறகு புதுத் தலைமுறை வைஃபை வந்தாலும் அதை மட்டும் மாற்றினால் போதும்.

படி 1: இணைய நிறுவனத்திடம் கேளுங்கள்

அவர்கள் கொடுத்த மோடமே பெரும்பாலும் ரவுட்டர் வேலையையும் செய்துகொண்டிருக்கும். அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டினால் இரட்டை நேட் ஆகிவிடும். நேட் என்பது வீட்டுச் சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரே பொது முகவரியில் இணையத்துக்கு அனுப்பும் வேலை; அது இரண்டு முறை நடக்கும். யூடியூப் பார்க்க அது தடையில்லை. ஆனால் வெளியிலிருந்து கேமராவைப் பார்ப்பதும் விபிஎன் (வெளியிலிருந்து பாதுகாப்பாக இணையும் மறையாக்க வழி) மூலம் உள்ளே வருவதும் தகராறு செய்யக்கூடும். அதனால் மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணையத்தை அப்படியே கடத்தும் நிலை) மாற்றித் தரச் சொல்லுங்கள். இணைப்பு பிபிபிஓஇ (யூசர்நேம் கொடுத்து உள்நுழையும் வகை) என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டையும் அப்போதே வாங்கி வையுங்கள்.

படி 2: வேகத்தைச் சரியாகப் படியுங்கள்

பலர் ஏமாறுவது இங்கேதான். போர்ட்டில் 10/100 என்று போட்டிருந்தால், நீங்கள் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் கைக்கு வருவது 95-ஐத் தாண்டாது. 10/100/1000 (அதாவது 1000 எம்பிபிஎஸ், கிகாபிட்) என்று இருப்பதையே வாங்குங்கள். லேன் போர்ட்டோடு (உங்கள் சாதனங்களைச் செருகுவது) வேன் போர்ட்டும் (WAN, மோடத்தைச் செருகுவது) அப்படி இருக்க வேண்டும்.

கிகாபிட் போர்ட் இருந்துவிட்டால் மட்டும் கிகாபிட் வேகம் வந்துவிடாது. ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டும் நேட், ஃபயர்வால் இரண்டையும் கடந்துதான் போகிறது. அந்த வேலையை ரவுட்டரின் பிராசஸர் எவ்வளவு வேகத்தில் முடிக்கிறது என்பதை நேட் த்ரூபுட் என்ற எண் சொல்லும். விபிஎன்னுக்குத் தனி எண் இருக்கும், அது பெரும்பாலும் மிகவும் குறைவு. க்யூஓஎஸ் (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வசதி) போன்றவற்றை ஆன் செய்தாலும் பல மாடல்களில் வேகம் சரியும். அதனால் நீங்கள் உண்மையில் ஆன் செய்யப்போகும் வசதிக்கான எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேபிளையும் மறக்காதீர்கள். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட்டுக்குப் போதும். ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடியே போதும். எனவே முனையில் ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டால் (பிளக்கில் அழுத்திப் பொருத்தப்படாவிட்டால்), இணைப்பு அறுந்து போகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும். பாவம், பழி ரவுட்டர் மேல் விழும்!

படி 3: போர்ட் எண்ணிக்கை

கவலை வேண்டாம். போதவில்லை என்றால் ஒரு கிகாபிட் சுவிட்ச் (கூடுதல் போர்ட்டுகள் தரும் பெட்டி) சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: தேவையான வசதி மட்டும்

சிறு வணிகம் என்றால் விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும்) வசதி கட்டாயம் என்பேன். கேமராக்களையும் வாடிக்கையாளர் வைஃபையையும் பில் கணினியிலிருந்து பிரித்து வைக்க அதுதான் வழி. இணையம் நின்றால் வியாபாரமே நிற்கும் என்றால் இரண்டு வேன் போர்ட் உள்ளதைப் பாருங்கள். ஒரு லைன் போனால் மற்றது கைகொடுக்கும். வீட்டுக்கு இவை இல்லாமலும் சமாளிக்கலாம்.

படி 5: அப்டேட் வருகிறதா?

வாங்கும் முன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் கடைசி ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) தேதியைப் பாருங்கள். பல வருடங்களாக எதுவும் வரவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உங்கள் வீட்டின் இணைய வாசற்கதவு அது.

படி 6: மாட்டியதும் செய்ய வேண்டியவை

மோடத்தை வேன் போர்ட்டிலும் கணினியை லேன் போர்ட்டிலும் செருகி, ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் ஃபர்ம்வேரை அப்டேட் செய்து, ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரவுட்டர் செட்டிங்ஸை மாற்ற விடும் வசதி) ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் இணைப்பு 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் மோடத்தின் போர்ட்டும் கிகாபிட்தானா என்று பார்த்துவிட்டு, கேபிளை மாற்றிப் பாருங்கள். எல்லாம் சரியாக ஓடியதும் செட்டிங்ஸை ஒரு பேக்கப் ஃபைலாக எடுத்து வையுங்கள். ரீசெட் செய்ய நேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டியிருக்காது.