மூத்த வீரரைக் கொடுத்து உயர்ந்த டிராஃப்ட் தேர்வை வாங்குவது எப்படி: என்பிஏ ரசிகர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பல ஆண்டுகள் ஓர் அணியின் அடையாளமாக விளங்கிய கூடைப்பந்து வீரரை அந்த அணியே வேறோர் அணிக்கு அனுப்பிவிட்டு, யாரென்றே தெரியாத ஓர் இளைஞரை வருங்காலத்தில் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஈடாகப் பெற்றுக்கொள்வது, என்பிஏ எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டங்களைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். 2013-ஆம் ஆண்டில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் ப்ரூக்ளின் நெட்ஸ் அணிக்குக் கொடுத்த பரிமாற்றத்தை வைத்து இதைப் படிப்படியாக விளக்குகிறேன். நீங்களே பாஸ்டனின் பொது மேலாளர் என்று எண்ணிக்கொண்டு படியுங்கள்.

படி 1: எதை வாங்குகிறீர்கள் என்பதை அறியுங்கள்

ஆண்டுதோறும் நடைபெறும் டிராஃப்டில் 30 அணிகள் இரண்டு சுற்றுகளாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்குள் குலுக்கல் நடத்தி முதல் நான்கு இடங்களை முடிவு செய்கிறார்கள். எஞ்சிய இடங்கள், மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை என்ற வரிசையில் அமைகின்றன. 2019 டிராஃப்டில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 விழுக்காடுதான். ஆகவே, இன்னோர் அணியின் முதல் சுற்றுத் தேர்வை, அதாவது அந்தச் சுற்றில் அதன் இடத்தில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, வாங்கும்போது, அந்த ஆண்டில் அவ்வணி எவ்வளவு தோற்கும் என்பதன் மீதே நீங்கள் பணயம் வைக்கிறீர்கள். பின்வரும் படிகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

படி 2: பெயருக்கு மதிப்பு இருக்கும்போதே விற்றுவிடுங்கள்

அப்போது கார்னெட்டுக்கு வயது 37, பியர்ஸுக்கு 35. 2008-இல் செல்டிக்ஸ் அணிக்குக் கோப்பை வென்று தந்தவர்கள் என்ற புகழ் குறையவில்லை. ஆனால் உடல் இன்னும் எத்தனை பருவங்கள் தாங்கும் என்பதை நாள்தோறும் பயிற்சியில் பார்க்கும் சொந்த அணியே நன்கு அறியும். ரசிகர்களின் மனம் புண்படும் என்று தயங்கினால் அடுத்த ஆண்டு கேட்பார் இருக்க மாட்டார்கள்.

படி 3: அவசரத்தில் இருக்கும் அணியைத் தேடுங்கள்

இதுவே முக்கியமான படி. தொடக்கநிலை ரசிகர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இதுதான். யார் அதிகம் தருகிறார் என்பதோடு, தேர்வு கைக்கு வரும் ஆண்டில் அந்த அணி எந்த நிலையில் இருக்கும் என்பதையும் பாருங்கள். 2012-இல் ப்ரூக்ளினுக்குக் குடிபெயர்ந்த நெட்ஸ் அணியின் உரிமையாளர் மிகைல் புரோகரோவ் உடனடியாகக் கோப்பையை விரும்பினார், செலவுக்கும் அஞ்சவில்லை. அணியிலோ டெரான் வில்லியம்ஸ், ஜோ ஜான்சன் போன்று பெரும் சம்பளம் பெறும் வீரர்கள் இருந்தார்களே தவிர, அவர்களுக்குப் பின் அணியைத் தாங்க இளைஞர்கள் போதுமான அளவில் இல்லை. இன்று வலுவாகவும் மூன்றாண்டுகளுக்குப் பின் வெறுமையாகவும் இருக்கப்போகும் இத்தகைய அணியே விற்பவருக்கு ஏற்றது.

அதனால்தான் தொலைவான ஆண்டுகளைக் கேட்க வேண்டும். நெட்ஸ் தந்த முதல் தேர்வு 2014-க்கு உரியது. அந்தப் பருவத்தில் அவர்கள் 44 ஆட்டங்களில் வென்றதால் அது 17-ஆம் இடமாகச் சுருங்கியது. 2015–16 பருவத்தில் அவர்கள் வென்றவை 21 மட்டுமே. எனவே 2016-ஆம் ஆண்டுத் தேர்வு மூன்றாம் இடமாக உயர்ந்தது, இளம் வீரர் ஜேலன் பிரவுன் பாஸ்டனுக்குக் கிடைத்தார்.

படி 4: சம்பளக் கணக்கைச் சரிக்கட்டுங்கள்

வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வகுத்துள்ள உச்சவரம்பைத் தாண்டிய அணிகள், அனுப்பும் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான சம்பளத்தையே பெற முடியும். எனவே வேண்டாத வீரர்கள் சிலரும் சேர்ந்தே வருவார்கள். நெட்ஸிடமிருந்து வந்த ஜெரால்ட் வாலஸின் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டுகளும் ஏறத்தாழ 3 கோடி டாலரும் மிச்சம் இருந்தன. அந்தச் சுமையை ஏற்பதும் நீங்கள் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி. அதற்கெனத் தனியாக ஒரு தேர்வைக் கேட்பதில் தவறில்லை.

படி 5: நிபந்தனைகளை வரிக்கு வரி படியுங்கள்

தேர்வைக் கொடுக்கும் அணி பெரும்பாலும் பாதுகாப்பு நிபந்தனை கேட்கும். முதல் மூன்று இடங்களுக்குள் விழுந்தால் தரமாட்டோம் என்பது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2012-இல் இதே வாலஸைப் பெறுவதற்காக நெட்ஸ் அணி போர்ட்லண்டுக்குக் கொடுத்த தேர்வில் இந்த நிபந்தனை இருந்தது. அது ஆறாம் இடத்தில் விழுந்ததால் போர்ட்லண்ட் டேமியன் லிலார்டைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே அதே அணி மேலும் மூன்று தேர்வுகளை, இம்முறை எந்தப் பாதுகாப்பும் இன்றி, பாஸ்டனுக்கு அள்ளிக்கொடுத்தது என்பதை நினைத்தால் இப்போதும் நம்ப முடியவில்லை.

அந்தத் தேர்வுகள் 2014, 2016, 2018 என ஓராண்டு விட்டு ஓராண்டு அமைந்ததற்குக் காரணம் ஸ்டெபியன் விதி. எந்த அணியும் அடுத்தடுத்த இரண்டு வருங்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாத நிலைக்குத் தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது என்று அது தடுக்கிறது. இடையில் உள்ள ஆண்டுக்கு இடமாற்று உரிமையைக் கேளுங்கள்: இரு அணிகளின் தேர்வுகளில் மேலானதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், கொடுப்பவரிடமும் ஒன்று மிஞ்சுவதால் விதி மீறப்படாது. 2017-இல் இவ்வுரிமையால், கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த செல்டிக்ஸ் அணியே டிராஃப்டின் முதல் தேர்வையும் பெற்றது.

படி 6: ஒப்புதல்களை முடியுங்கள்

கார்னெட்டின் ஒப்பந்தத்தில் பரிமாற்றத்தை மறுக்கும் உரிமை இருந்தது; அவர் அதை விட்டுக்கொடுத்த பின்னரே காரியம் நடந்தது. மருத்துவப் பரிசோதனையும் லீக் அலுவலகத்தின் ஒப்புதலும் வழக்கமான நடைமுறைகள்.

படி 7: கிடைத்த தேர்வை எப்போது பயன்படுத்துவது என்று முடிவு செய்யுங்கள்

தேர்வை வீரராக மாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. பாஸ்டனின் அப்போதைய பொது மேலாளர் டேனி ஏன்ஜ் 2017-இன் முதல் தேர்வை பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, அவர்களுடைய மூன்றாம் தேர்வையும் இன்னொரு வருங்கால முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கினார். அந்த மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டமைத் தேர்ந்தெடுத்தார். நெட்ஸின் 2018-ஆம் ஆண்டுத் தேர்வை அது எந்த இடத்தில் விழும் என்று தெரிவதற்கு முன்பே, கைரி இர்விங்கைப் பெறுவதற்காக கிளீவ்லண்டுக்கு அனுப்பிவிட்டார். அது பின்னர் எட்டாம் இடத்தில் விழுந்தது.