பால்சா விமானம்: பெட்டியைத் திறப்பதில் இருந்து பறக்கவிடுவது வரை

பால்சா என்ற லேசான மரத்தில் மாடல் விமானம் கட்டும் கிட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டி மேல் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இரண்டாம் உலகப்போர் விமானம் என்றால் கை தானாக நீளும். முதல் விமானத்துக்கு அது வேண்டாம். பைப்பர் கப், செஸ்னா மாதிரி, உடலுக்கு மேலே இறக்கை வைத்த, முறுக்கிய ரப்பரில் ஓடும் மாடலாக எடுங்கள். காற்றில் சாய்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். இறக்கை 18 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

கூடவே வேண்டியவை: புது பிளேடு போட்ட கத்தி, ஒரு டப்பா குண்டூசி, 220, 400 நம்பர் உப்புத்தாள், ஃபெவிகால், குண்டூசி இறங்கும் சாஃப்ட் போர்டு. போர்டு வளைந்திருந்தால் இறக்கையும் வளையும். அதனால் அதை முதலில் பாருங்கள்.

மரத்தைத் தரம் பிரித்து வையுங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. ஈக்வடாரில் இருந்து அதிகமாக வரும் இந்த மரம் மிக வேகமாக வளரக்கூடியது. ஒரே கிட்டில் இருக்கும் குச்சிகள்கூட ஒரே எடையில் இருக்காது. வளையாமல் உறுதியாக நிற்பவற்றை உடலின் நீளக் குச்சிகளுக்கு ஒதுக்குங்கள். மிக லேசானவை வாலுக்கு. வால் இறக்கையில் இருந்து தள்ளி இருக்கிறது, மூக்கோ பக்கத்திலேயே. எனவே வாலில் ஒரு கிராம் கூடினால், அதைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் களிமண் ஒட்டவேண்டி வரும்.

மரத் தகட்டில் அச்சால் வெட்டி, முழுவதும் பிரியாமல் வரும் பாகங்களை விரலால் அழுத்தி எடுக்காதீர்கள், பிளந்துவிடும். தகட்டின் பின்பக்கத்தை லேசாகத் தேய்த்து, ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களை பிளேடால் அறுத்து எடுங்கள். எடுத்த கையோடு பென்சிலால் நம்பர் எழுதிவிடுங்கள்.

வரைபடத்தின் மேலேயே கட்டுவது

வரைபடத்தைப் போர்டில் விரித்து, மேலே மெழுகுத்தாள் போடுங்கள். இல்லாவிட்டால் விமானம் தாளோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். குண்டூசியைக் குச்சிக்குள் குத்தக்கூடாது. இரண்டு பக்கமும் நிறுத்தி இறுக்கிப் பிடிக்கவேண்டும். உடலின் இரண்டு பக்கங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் மெழுகுத்தாள் வைத்துக் கட்டினால் அளவு மாறாது.

பசையைப் பல்குச்சி நுனியில் தொட்டு வைத்தால் போதும். பிதுங்கி வழியும் பசை பலம் தராது, எடைதான் தரும். பாகம் துல்லியமாகப் பொருந்தினால்தான் மூட்டு நிற்கும். இடைவெளி இருந்தால் பசையால் அடைக்காமல் புதுத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

இறக்கையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது, நுனிகளை வரைபடம் சொல்லும் உயரத்துக்குக் கட்டை வைத்துத் தூக்கி, அப்படியே ஒரு இரவு விடுங்கள்.

டிஷ்யூ ஒட்டுதல்

டிஷ்யூ என்பது சட்டத்தின் மேல் போர்த்தும் மெல்லிய தாள். முதலில் எலும்புக்கூடு முழுவதையும் 400 நம்பரால் தேயுங்கள். சின்ன மேடுகூடத் தாளுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். டிஷ்யூ நேராகக் கிழியும் திசை இறக்கையின் நீளவாக்கில் வரவேண்டும். ஓரங்களில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். அப்புறம் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்தால், காயும்போது சுருக்கமெல்லாம் போய் விறைத்துக்கொள்ளும். அந்த இழுவிசை இறக்கையை முறுக்கிவிடும் என்பதால், காயும் வரை போர்டில் ஊசியால் பிடித்து வையுங்கள். அதன் மேல் நீர்த்த டோப் (தாளை இறுக்கி மூடும் வார்னிஷ் மாதிரியான திரவம்) இரண்டு பூச்சு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

பறக்கவிடுதல்

ரப்பர், புரொப்பெல்லர் எல்லாம் மாட்டிய பிறகு எடைமையம் பாருங்கள். வரைபடத்தில் குறி இல்லையென்றால், இறக்கையின் முன்விளிம்பில் இருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரண்டு விரல் நுனியில் நிறுத்துங்கள். மூக்கு தூக்கினால் களிமண் வையுங்கள்.

காற்றில்லாத காலையில், புல் உயர்ந்த இடத்தில், ரப்பரை முறுக்காமல் லேசாகக் கீழ்நோக்கித் தள்ளிவிடுங்கள். எறியவேண்டாம். மூக்கைத் தூக்கி நின்று விழுந்தால் மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண். நேரே குத்தினால் எடுத்துவிடுங்கள்.

சறுக்கல் சரியான பிறகுதான் ரப்பர். 1871-ல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ பறக்கவிட்ட குட்டி விமானமும் முறுக்கிய ரப்பரில்தான் ஓடியது. ரப்பரில் விளக்கெண்ணெய் தடவி, தாங்கும் முறுக்கில் மூன்றில் ஒரு பங்கோடு தொடங்குங்கள். இறங்கும்போது நன்றாகச் சறுக்குகிறது, முறுக்கில் போகும்போது மட்டும் மூக்கைத் தூக்குகிறது என்றால் களிமண்ணைத் தொடாதீர்கள். மூக்குக் கட்டையின் மேல்விளிம்புக்குப் பின்னால் ஒரு பால்சா சீவலைச் செருகி, புரொப்பெல்லரைச் சற்றுக் கீழே பார்க்க வையுங்கள்.