மோதிர அளவு முதல் குரூப் மெசேஜ் வரை: சர்ப்ரைஸாக ப்ரபோஸ் செய்ய ஒரு வழிகாட்டி

என்றைக்கு, எங்கே, எப்படி என்பதை மட்டும் மறைத்து வையுங்கள். திருமணப் பேச்சே இதுவரை உங்கள் இருவருக்கும் இடையில் வந்ததில்லை என்றால் மோதிரம் வாங்கக் கிளம்ப வேண்டாம். எந்த ஊரில் வாழ்வது, குழந்தை வேண்டுமா, யாருக்கு எவ்வளவு கடன், வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது, வீட்டில் எதிர்த்தால் என்ன செய்வது: இதையெல்லாம் சாதாரண நாளில், சாதாரணமாகப் பேசி முடித்திருக்க வேண்டும். ‘நம்ம கல்யாணத்துக்கு அப்புறம்...’ என்று அவரே தன்னை அறியாமல் வாக்கியத்தைத் தொடங்குகிறார் என்றால் நேரம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றுகிறார் என்றால், பூவும் விளக்கும் அதைச் சரிசெய்யாது.

அடுத்த முடிவு: தனியாகவா, பலர் முன்னாலா? பிறந்தநாள் கேக் வந்ததும் சுற்றி நிற்பவர்கள் பாடும்போது அவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? மலர்கிறவரா, மேஜைக்கு அடியில் ஒளிய இடம் தேடுகிறவரா? இரண்டாவது வகை என்றால் அரங்கம், பெரிய திரை, அலுவலக விழா எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். கூட்டத்துக்கு நடுவே கேட்கும்போது ‘கொஞ்சம் டைம் குடு’ என்று சொல்லும் வழி அடைபட்டுவிடுகிறது. வாய் சரி என்று சொல்லும், மனம் சொல்லியிருக்காது. நண்பர்களும் உடன் இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் தனியாகக் கேளுங்கள், அவர்களை அரை மணி நேரத் தொலைவில் இன்னோர் இடத்தில் காத்திருக்கச் சொல்லுங்கள்.

மோதிர அளவு

பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். அவர் ஏற்கெனவே மோதிரம் அணிபவர் என்றால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அது எந்தக் கையில், எந்த விரலில் ஏறுகிறது என்று முதலில் கவனியுங்கள். நடுவிரல் மோதிரத்தை அளந்துகொண்டு போய் மோதிர விரலுக்கு வாங்கி வந்தால் அது கழன்று விழும். அதிகம் புழங்கும் கையின் விரல்கள் பொதுவாக மற்றக் கையைவிடக் கொஞ்சம் தடித்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அவர் குளிக்கப் போகும் நேரம் போதும். துல்லியமாக அளக்கும் கருவியான டிஜிட்டல் காலிப்பரின் உள்தாடையை மோதிரத்துக்குள் விட்டு விட்டத்தை அளக்கலாம். பல வருடம் போட்ட மோதிரம் லேசாகக் கோணியிருக்கும், அதனால் மூன்று திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். காலிப்பர் இல்லையா? ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி மோதிரத்துக்குள் நுழைத்து, உள்ளேயே முழுவதும் விரியவிட்டு, ஓரம் சேரும் இடத்தில் கோடு போட்டுப் பிரித்தால் உள்சுற்றளவு கிடைக்கும். அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம். சுற்றளவு 54 மி.மீ. என்றால் விட்டம் 17.2 மி.மீ. மோதிரத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் உள்ளே வட்டம் வரைவது பரவலான வழக்கம். ஆனால் பென்சில் முனையின் தடிமன் அளவைக் குறைத்துவிடும். விட்டத்தில் அரை மி.மீ. பிசகினால் சுற்றளவில் ஒன்றரை மி.மீ.க்கு மேல் போகும். மோதிரம் விரல் மூட்டில் நின்றுவிட அது போதும்.

கடையில் அளவு எண்ணைச் சொல்லாமல் மி.மீ. கணக்கைச் சொல்லுங்கள். அமெரிக்க முறையில் 7 என்றால் உள்விட்டம் ஏறத்தாழ 17.3 மி.மீ.; வேறொரு நாட்டு முறையில் அதே 7 வேறு அளவு. இணையத்தில் வாங்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மோதிரமே அணியாதவர் என்றால் தூக்கத்தில் விரலில் நூல் சுற்றி அளக்கும் யோசனை வேண்டாம். நூல் இழுபடும், மூட்டின் பருமன் அதில் வராது, அவர் விழித்துக்கொண்டால் கதை முடிந்தது. அவருடைய தோழியோ சகோதரியோ தனக்கு நகை பார்க்கும் சாக்கில் அழைத்துப்போய், ‘இதைப் போட்டுப் பாரேன்’ என்று அளவைத் தெரிந்துகொள்வது பாதுகாப்பான வழி. விரல் வெயிலில் உப்பும், குளிரில் சுருங்கும் என்பதால் எந்தப் பொழுதில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். பட்டை அகலமான மோதிரம் அதே அளவிலும் இறுக்கமாக உட்காரும். அதற்கு அரை அளவு கூட்டலாம். எதுவும் நிச்சயமில்லை என்றால் சற்றுப் பெரியதே மேல். அந்த நிமிடத்தில் விரலில் ஏறிவிடும், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

குறைக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கல் இல்லாத பட்டையுடைய தங்கம், பிளாட்டினம் மோதிரங்களை ஓரிரு அளவு கூட்டவும் குறைக்கவும் முடியும். சுற்றிலும் கல் பதித்ததில் வெட்டி ஒட்ட இடம் இருக்காது. டங்ஸ்டன் கார்பைடு மோதிரத்தின் அளவை மாற்றவே முடியாது. திருப்பித் தருவதற்கான அவகாசமோ நீங்கள் ப்ரபோஸ் செய்த நாளிலிருந்து எண்ணப்படாது, வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். இரண்டு மாதம் அலமாரியில் ஒளித்துவைத்துவிட்டுப் பிறகு மாற்றப் போனால் கடைக்காரர் ரசீதின் தேதியைக் காட்டுவார். இத்தனை தலைவலி வேண்டாம் என்றால் ஒரு சாதாரண மோதிரத்தோடு கேட்டுவிட்டு, உண்மையான மோதிரத்தை இருவரும் சேர்ந்து போய்த் தேர்ந்தெடுக்கலாம். அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

ரகசியம் கசியும் இடங்கள்

மனிதர்களைவிட போன்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. கூட்டுக் கணக்கிலிருந்து பணம் போனால் எஸ்எம்எஸ் அவருக்கும் வரும். இருவரும் ஒரே போட்டோ ஆல்பத்தைப் பகிர்ந்திருந்தால் கடையில் எடுத்த மோதிரப் படம் வீட்டுக்கு நீங்கள் வருவதற்குள் அவருடைய டேப்லெட்டில் ஏறியிருக்கும். லொகேஷன் பகிர்ந்திருந்தால் நகைக்கடையில் ஒரு மணி நேரம் நின்றது தெரியும். வீட்டு லேப்டாப்பில் ஒருமுறை மோதிரம் தேடினாலே போதும், ஒரு வாரத்துக்கு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வைர விளம்பரம். அதனால் தேடுவதை உங்கள் போனில், கணக்கில் நுழையாத தனி விண்டோவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் மின்னஞ்சல் அவர் பார்க்காத முகவரிக்கு வரட்டும். பார்சல் நண்பர் வீட்டுக்குப் போகட்டும். லாக் ஸ்கிரீனில் மெசேஜ் முழுதாகத் தெரியாதபடி மாற்றுங்கள். ஆனால் ஒரே நாளில் பாஸ்வேர்டை எல்லாம் மாற்றி, போனைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினால் அவர் சந்தேகப்படப்போவது வேறொன்றை.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள். எல்லாருடைய வட்டத்திலும் முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாத ஒருவர் இருப்பார். அவருக்கு அன்று காலையில் சொன்னால் போதும்.

அவரை அழைத்துப்போகச் சொல்லும் காரணம் நிஜமாகவே நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நல்ல உடையும், எவ்வளவு தூரம் நடப்பது என்பதற்கு ஏற்ற செருப்பும் அதிலேயே அடங்கிவிட வேண்டும். நண்பர் ஒருவர் வீட்டில் விருந்து, போகும் வழியில் ஐந்து நிமிடம் இறங்கிப் பார்க்கலாம் என்பது போன்ற எளிய பொய் நிற்கும். சர்ப்ரைஸைக் காப்பாற்றுவதற்காக ஒரு வாரம் விட்டேற்றியாக நடந்துகொள்வது, பொய்ச்சண்டை போடுவது எல்லாம் வேண்டாம். அழுத முகத்தோடு வருபவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

அன்றைய நாள்

மாலை வெளிச்சத்தில் கேட்பதாக இருந்தால் அந்தத் தேதியின் அஸ்தமன நேரத்தைப் பார்த்து, 45 நிமிடம் முன்பு இடத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் பொன்வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். ஒரு வாரம் முன்பு அதே கிழமையில், அதே மணிக்குப் போய் நின்று பாருங்கள். கூட்டம், ஒலிபெருக்கி, மூடிய கதவு எல்லாம் அப்போதுதான் தெரியும். மழைக்கு மாற்று இடம் ஒன்றையும் முடிவு செய்து வையுங்கள்.

மறைந்து நின்று படம் எடுப்பவருக்கு அன்று நீங்கள் போட்டிருக்கும் உடையின் படத்தைக் கிளம்பும்போதே அனுப்புங்கள், இல்லையென்றால் வேறு ஜோடியைப் படமெடுத்துக்கொண்டிருப்பார். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கும்போது கேமராவுக்குப் பக்கவாட்டில் தெரிய வேண்டும். நிற்கப்போகும் இடத்தை ஒரு கல்லோ பெஞ்சோ வைத்து முன்பே பேசிக்கொள்ளுங்கள். சைகையும் ஒன்று வேண்டும். மண்டியிட்டதும் பத்து விநாடியாவது அப்படியே இருங்கள். பதற்றத்தில் எல்லாரும் உடனே எழுந்துவிடுகிறார்கள், படத்தில் முதுகு மட்டும் மிஞ்சுகிறது.

பெட்டி பேன்ட் பாக்கெட்டில் புடைக்கும். தட்டையான பெட்டி கிடைக்கும், அல்லது உள்சட்டைப்பை. எந்தப் பக்கம் திறக்கிறது என்று இருட்டிலும் தெரியும்படி பத்து முறை திறந்து பழகுங்கள். தலைகீழாகத் திறந்த பெட்டி கிட்டத்தட்ட எல்லாருக்கும் நேர்வது. மணல், படகு, பலகைக்கு இடையே இடுக்கு விட்ட பாலம் ஆகிய மூன்று இடங்களிலும் மோதிரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். கேக்கிலும் பானத்திலும் போடுவதை அறவே விடுங்கள், பல் உடையும், விழுங்கிவிடவும் கூடும். விமானத்தில் போவதாக இருந்தால் மோதிரம் கைப்பையில். சோதனையில் திறக்கச் சொன்னால் தனியாகப் பார்க்கும்படி கேட்கலாம்.

அலங்காரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காற்று அடிக்கும் இடத்தில் மெழுகுவத்தியும் உதிரிப்பூவும் நிற்காது, பேட்டரி விளக்கு நிற்கும்.

பேச்சை மனப்பாடம் செய்தால் முதல் வரியிலேயே தொண்டை அடைக்கும். நான்கைந்து வாக்கியம் போதும். அவரிடம் மட்டுமே நீங்கள் பார்த்த ஒரு குணம், ஒரு குறிப்பிட்ட நாள், பிறகு கேள்வி. நீளமாகப் பேசிவிட்டுக் கேள்வியைக் கேட்கவே மறந்துபோவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. ‘என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?’ என்று முடியுங்கள், முடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

‘யோசிக்கணும்’ என்று பதில் வந்தால் காரணம் கேட்டுத் துளைக்காமல், இருவரும் அமைதியாக வீடு திரும்ப ஒரு வழி இருக்க வேண்டும். காத்திருக்கும் நண்பர்களுக்கு இதற்கென ஒரு சொல் முன்பே சொல்லி வையுங்கள். அது போனால் அவர்கள் கேள்வி கேட்காமல் கலைந்துவிட வேண்டும்.

நண்பர்களுக்குச் சொல்வது

சம்மதம் கிடைத்ததும் ஒரு மணி நேரமாவது போனை எடுக்காதீர்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து, யாருக்கு யார் சொல்வது, எப்போது பொதுவில் போடுவது என்று முடிவு செய்யுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், உயிர் நண்பர்கள் மூன்று நான்கு பேர்: இவர்களுக்கு அழைத்துத்தான் சொல்ல வேண்டும். ஸ்டேட்டஸ் பார்த்துத் தெரிந்துகொண்ட அக்கா அதைப் பத்து வருடம் சொல்லிக்காட்டுவார். உதவிக்கு வந்தவர்கள் படம் போடக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் உங்களுக்கு முன்பு அவர்கள் போட்டுவிடுவார்கள்.

சமீபத்தில் பிரிந்தவர், துக்கத்தில் இருப்பவர், வெகுநாளாக வரன் அமையாமல் தவிப்பவர் நண்பர்களில் இருந்தால் குரூப்புக்கு முன்பு தனி மெசேஜ் அனுப்புங்கள். இங்கே மட்டும் அழைப்பைவிட எழுத்து நல்லது. முகத்தைச் சரிசெய்துகொள்ள அவருக்கு நேரம் கிடைக்கும். இன்னொருவருடைய திருமணத்தில், பிறந்தநாளில் அறிவிப்பதும் தவிர்க்க வேண்டியது.

குரூப் மெசேஜ் சுருக்கமாக இருக்கட்டும்: ‘நேத்து சாயங்காலம் கேட்டேன், சரின்னு சொல்லிட்டாங்க. தேதி எதுவும் இன்னும் முடிவாகல. முடிவானதும் நாங்களே சொல்றோம்.’ கடைசி இரண்டு வரியும் எழுதாவிட்டால் நாற்பது பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். ‘எல்லாரும் கண்டிப்பா வரணும்’ என்று மகிழ்ச்சியில் தட்டிவிடாதீர்கள். அந்தக் குரூப்பில் இருநூறு பேர் இருந்தால் இருநூறு அழைப்பிதழ் கொடுத்த மாதிரி. புது வேலை, ஊர் மாற்றம், வீடு வாங்கியது என்று வேறு சேதிகளும் இருந்தால் அவற்றை இதோடு சேர்க்காமல் சில நாள் கழித்துச் சொல்லுங்கள். சேர்த்துச் சொன்னால் ஒன்றை மட்டும் வாழ்த்திவிட்டு மற்றதைக் கடந்துபோவார்கள். ஊர் மாறுவதாக இருந்தால் மேலதிகாரிக்கு அது ஸ்டேட்டஸ் வழியாகத் தெரியக் கூடாது.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் அப்படியே இருக்கும், ஆனால் படம் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும். வீட்டில் எடுத்த படம் என்றால் லொகேஷனை நீக்கிவிட்டு அனுப்புங்கள். வெளியூரில் இருந்தால் திரும்பி வந்த பிறகு பொதுவில் போடலாம். பூட்டிய வீட்டையும் புது மோதிரத்தையும் ஒரே பதிவில் ஊருக்குச் சொல்ல வேண்டாமே.

வாழ்த்துகளுக்கு இரண்டு மூன்று நாளில் பதில் போட்டால் போதும். நெருங்கியவர்களுக்குப் பதில் எழுதும்போது அவர்கள் வீட்டுச் சேதியையும் ஒரு வரி கேளுங்கள்.