எம்.எல்.எஸ். விதிகளில் ஏஜென்ட்டுகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் இரண்டு வீட்டு ஏஜென்ட்டுகள் சந்தித்தால் மூன்றாவது நிமிடம் எம்.எல்.எஸ்.ஸை (விற்பனைக்கு வரும் வீடுகளை ஏஜென்ட்டுகள் ஏற்றிப் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியல்) திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சந்தாவும் கட்டி அபராதமும் கட்டுவதா என்ற எரிச்சல். நியாயம்தான். ஆனால் அந்த அபராதக் கடிதத்தை வரவழைப்பது பெரும்பாலும் அவசரத்தில் செய்த ஏதோ சின்னக் காரியம்.

முதல் ஆள் வாட்ஸ்அப். வெள்ளிக்கிழமை மாலை, வீட்டை விற்றுத்தர உரிமையாளரோடு போடும் லிஸ்டிங் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. கையோடு இரண்டு படம், "விரைவில் விற்பனைக்கு" என்று ஒரு வரி, நூறு பேர் இருக்கும் குழுவில் போட்டாயிற்று. விளம்பரம் செய்ததாகவே தோன்றாது. ஆனால் தேசிய ரியல்டர்கள் சங்கம் 2020-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, பொதுவில் விளம்பரப்படுத்திய வீட்டை ஒரு வேலை நாளுக்குள் எம்.எல்.எஸ்.ஸில் ஏற்ற வேண்டும். வாசலில் நட்ட பலகை, மொத்தமாக அனுப்பிய மின்னஞ்சல், பல நிறுவன ஏஜென்ட்டுகள் கலந்திருக்கும் குழு எல்லாமே கணக்கில் வரும். திங்கட்கிழமையோடு கெடு முடிந்தது. போட்டோகிராபர் செவ்வாய்தான் வருகிறார் என்று சொன்னால் எடுபடாது.

2025 மார்ச்சில் இதில் ஒரு தளர்வு வந்தது. உரிமையாளர் கையெழுத்திட்டுச் சம்மதித்தால், வீடு பொதுத் தளங்களில் தெரிவதைச் சில நாள் தள்ளிப்போடலாம். எத்தனை நாள் என்பது உங்கள் எம்.எல்.எஸ். முடிவு. சிலர் இதை "ஏற்றவே வேண்டாம்" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை, எம்.எல்.எஸ்.ஸில் ஏற்றத்தான் வேண்டும்.

அடுத்து, லிஸ்டிங்கில் குறிப்பு எழுதும் கட்டங்கள். ஒன்று ஊருக்கே தெரிவது, இன்னொன்று ஏஜென்ட்டுகளுக்கு மட்டும். வீட்டுச் சாவியை வைத்துப் பூட்டும் சாவிப்பெட்டியின் எண்ணைத் தவறுதலாக முதல் கட்டத்தில் எழுதினால் அது ஜில்லோ போன்ற பொது இணையதளம் வரை போய்விடும். அப்புறம் எண்ணை மாற்ற நீங்கள்தான் வீட்டுக்கு ஓட வேண்டும்.

அந்தப் பொதுக் கட்டத்தில் நம்மவர்கள் எழுதும் இன்னொரு வரி: "இந்தியக் குடும்பங்களுக்கு மிகப் பொருத்தம்." நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் பூர்விக நாட்டை வைத்து விருப்பம் காட்டுவதைத் தடுக்கிறது. 1988 திருத்தத்துக்குப் பிறகு, குழந்தைகள் உள்ள குடும்பமா இல்லையா என்று பார்ப்பதும் கூடாது. ஆக ஒரே வரியில் இரண்டு வம்பு வரலாம். "கிழக்குப் பார்த்த வாசல்" என்று எழுதுங்கள், அது வீட்டைப் பற்றியது. வாஸ்து பார்ப்பவர் தானாகவே வந்து சேருவார்.

கமிஷன் விஷயத்தில் பழைய கைப்பழக்கம்தான் எதிரி. கமிஷன் வழக்கில் தேசிய ரியல்டர்கள் சங்கம் செய்துகொண்ட 41.8 கோடி டாலர் சமரசத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 முதல் வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு இவ்வளவு என்று எம்.எல்.எஸ்.ஸில் எங்கேயும் குறிப்பிடக்கூடாது. ஏஜென்ட்டுகளுக்கு மட்டுமான குறிப்பின் கடைசியில், சதவீதம் என்று சொல்லாமல் வெறுமனே "2.5" என்று எழுதிவைக்கும் சாமர்த்தியமும் விதிமீறல்தான். போனில் பேசிக்கொள்ளலாம், தடையில்லை.

படங்களிலும் கவனம் வேண்டும். முந்தைய ஏஜென்ட் போட்ட படம் அழகாக இருக்கிறதே என்று எடுத்துப் போடாதீர்கள். வீடு உங்கள் கட்சிக்காரருடையது, படத்தின் உரிமை வேறொருவருடையது.

சரி, கடிதம் வந்தே விட்டதா? முதலில் லிஸ்டிங்கைத் திருத்துங்கள். சண்டையை உங்கள் புரோக்கர் (நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பொறுப்பாளர்) மூலமாகப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.