கூண்டு கைமாறும் நேரம்: மீட்ட நாயைப் புது வீட்டுக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டியவை

அமெரிக்காவில் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கும் சிலர், காப்பகத்தில் இடமில்லாமல் தவிக்கும் நாய்களை ஏற்றிக்கொண்டு, தத்தெடுக்க ஆள் இருக்கும் ஊருக்குப் பறக்கிறார்கள். எரிபொருள் செலவும் அவர்களுடையதே. 2008இல் தொடங்கிய 'பைலட்ஸ் என் பாஸ்' அமைப்பு, இத்தகைய விமானிகளையும் விலங்குகளை மீட்பவர்களையும் இணைத்துவிடுகிறது. தூரம் அதிகமென்றால் ஒருவர் பாதி வழி, இன்னொருவர் மீதி வழி. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் செய்வதும் அதே வேலைதான், ஆம்னி வேனில். வேலந்தாவளம் வழியாகக் கோவை வரை ஒருவர், அங்கிருந்து சேலத்துக்கு ஒருவர், அப்புறம் சென்னைக்கு ஒருவர்.

இத்தனை கை மாறும்போது, நாய் தொலைவது பெரும்பாலும் மாறும் இடத்தில்தான். முதல் வருடம் வாளையாறு பக்கம் ஒரு டீக்கடை முன்னால், பெற்றுக்கொள்ள வந்தவருக்கு முகம் காட்டலாமென்று கூண்டைத் திறந்தோம். லாரி ஹாரன் அடித்தது. நாய் பின்வாங்கியது, பெல்ட்டிலிருந்து தலை உருவிக்கொண்டது, அவ்வளவுதான். இரண்டு நாள் தென்னந்தோப்பெல்லாம் தேடினோம். மூன்றாம் நாள் விடியற்காலை, அது வழக்கமாகப் படுக்கும் சாக்கை அங்கே விரித்து வைத்திருந்தோம், அதன் மேல் சுருண்டு கிடந்தது.

அதிலிருந்து கூண்டை வெளியில் திறப்பதே இல்லை. கூண்டோடுதான் கைமாற வேண்டும். திறந்தே ஆகவேண்டுமென்றால் வண்டிக்குள், எல்லாக் கதவும் சாத்திய பிறகு. கழுத்து பெல்ட்டில் ஒரு கயிறு, மார்புப் பட்டையில் ஒரு கயிறு. பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம் போதும், அதற்கு மேல் தளர்வு கூடாது.

அடுத்தது அவசரம். "இன்றைக்கே அனுப்பியாக வேண்டும்" என்று மத்தியான வெயிலில் கிளம்பாதீர்கள். வானிலை சரியில்லையென்றால் விமானி பயணத்தைத் தள்ளிப்போடுகிறார். பாலக்காட்டுக் கணவாயின் ஏப்ரல் வெயிலுக்கும் அந்த மரியாதை வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி போல ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய பலனில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். டீ குடிக்க இறங்கினால் ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும்.

பிரியப் போகிறோமே என்ற பாசத்தில் கிளம்பும் நேரத்தில் வயிறு நிறையச் சோறு போடுவதும் தவறு, வழியெல்லாம் வாந்திதான். இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். 1978ஆம் வருட விலங்குப் போக்குவரத்து விதிகளும் இதையே சொல்கின்றன. கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தரவேண்டும் என்பதும் அதில் உண்டு. மனிதர் சாப்பிடும் தூக்க மாத்திரையைக் கொடுத்து அமைதிப்படுத்தவே கூடாது, மூச்சும் உடல்சூடும் கட்டுப்பாடு இழக்கும். கால்நடை மருத்துவர் தரும் ஆரோக்கியச் சான்றும் தடுப்பூசி அட்டையும் கூண்டோடு போகவேண்டும்.

குட்டிகள் விஷயத்தில் பார்வோ என்ற வயிற்றுப்போக்கு வைரஸுக்குப் பயப்படுங்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தடுப்பூசி முடியாத குட்டியைப் பேருந்து நிலையத் தரையில் இறக்கிவிடாதீர்கள். வேறு வேறு இடத்தில் எடுத்த குட்டிகளை ஒரே கூண்டில் போடாதீர்கள்.

ரயில் என்றால், மூன்றடுக்கு ஏசியில் மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாமென்று நினைக்காதீர்கள். முதல் வகுப்பு ஏசியில் இருவர் அறையோ நால்வர் அறையோ முழுதாக உங்களுக்கே கிடைத்தால்தான் கூட வைத்துக்கொள்ள முடியும், இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் பெட்டிதான்.

போய்ச் சேர்ந்ததும் வீட்டார் மொத்தமும் கூடி நின்று கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரவேற்பார்கள். நாய் அந்தக் கேட் வழியாகவே ஓடும். கேட்டைச் சாத்தி, ஒரே அறையில் விட்டு, முதல் சில வாரம் முற்றத்துக்குக்கூடக் கயிற்றோடு கூட்டிப் போகச் சொல்லுங்கள். இங்கே படுத்திருந்த சாக்கையும் மடித்துக் கூடவே அனுப்புகிறோம், இப்போதைக்குத் துவைக்க வேண்டாம் என்று சொல்லி.