கடலுக்குச் சென்று திரும்பாதவர்களுக்குக் கல் நடும் முறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நினைவுக்கல் எழுப்ப நினைக்கும் ஊர்ப் பஞ்சாயத்தார் முதலில் சிற்பியைத் தேடிப் போக வேண்டாம். கல் வேலை சில வாரங்களில் முடியும். பெயர்ப் பட்டியல் முடிய ஓராண்டு ஆனாலும் வியப்பதற்கில்லை.

ஒவ்வொரு குப்பத்திலும் பஞ்சாயத்துப் பெரியவர்கள், விசைப்படகு மற்றும் ஃபைபர் படகுச் சங்கங்கள், பழைய காவல் நிலையப் புகார் நகல்கள் ஆகியவற்றிலிருந்து பெயர்களைத் திரட்டுங்கள். ஏலக்கூடத்தில் கூடை வைத்து மீன் விற்கும் மூதாட்டிகளையும் கேளுங்கள். அவர்கள் ஆண்டைச் சொல்லாமல் புயலைச் சொல்வார்கள். வர்தாவுக்கு முந்தைய மழைக்காலம் என்றால் 2015 என்று நீங்கள்தான் கணக்கிட்டு, இன்னொருவரிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். காசிமேட்டுப் படகுகளில் ஆந்திரக் கரையிலிருந்து வந்து தொழில் செய்தவர்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டால் பட்டியல் பொய்யாகிவிடும் என்பதால், அவர்கள் பெயரைத் தெலுங்கிலும் பொறிப்பது நியாயம்.

உடல் கிடைக்காதவர்களின் பெயரைச் சேர்ப்பதுதான் மிகக் கடினமானது. ஏழாண்டுகளாக ஒருவரைப் பற்றி, அவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது பாரதிய சாட்சிய சட்டத்தின் 111ஆம் பிரிவு. ஆனால் தாலியைக் கழற்றாமல் காத்திருக்கும் மனைவிக்கு அந்த ஏழாண்டு ஒரு கணக்கே அல்ல. குடும்பத்தார் எழுத்தில் ஒப்புதல் தராமல் எந்தப் பெயரையும் பொறிக்காதீர்கள். தலைப்பில் ‘இறந்தவர்கள்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘கடலுக்குச் சென்று திரும்பாதவர்கள்’ என்று எழுதினால் இரு சாராருக்கும் பொருந்தும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மாண்டவர்களைச் சேர்ப்பதா என்பதையும் முன்னரே முடிவு செய்யுங்கள். அன்று உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் கரையில் இருந்தவர்கள் என்பதால், அவர்களுக்குத் தனிப் பலகை வைப்பதே குழப்பத்தைத் தவிர்க்கும்.

பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் ஒரே படகில் போன அண்ணன் தம்பிகள் பிரிந்துபோவார்கள்; ஆண்டு வாரியாக, படகு வாரியாக அடுக்குங்கள். ஒரே பெயர் பலருக்கு இருக்குமாதலால் தந்தை பெயரின் முதலெழுத்தும் குப்பத்தின் பெயரும் அவசியம்.

கருங்கல்லே உப்புக் காற்றைத் தாங்கும். எழுத்தின் மேல் பூசும் தங்கநிறப் பெயிண்ட் சில ஆண்டுகளில் உரிந்துவிடும். ஆழமாக வெட்டிய எழுத்தையோ பிறகும் விரலால் தடவிப் படிக்கலாம். கடல்நீர் தெறிக்கும் இடத்தில் பீடத்துக்கு எம்35 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும். இதைக் குறைத்தால் கம்பி துருப்பிடித்துப் பீடம் வெடிக்கும். கைப்பிடிக்கு 304 ரக எவர்சில்வர் பழுப்பேறிவிடும், 316 ரகம் கேளுங்கள்.

நிலம் எந்தத் துறையின் பெயரில் இருக்கிறதோ அதன் எழுத்துபூர்வ அனுமதியும், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படியான அனுமதியும் பெறாமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

திறப்பு நாளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வையுங்கள். விசைப்படகுக்காரர்கள் அப்போதுதான் கரையில் இருப்பார்கள். அன்று கல்லின் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகவே இருக்கட்டும். எழுத்தின் அளவையும் அச்சையும் பஞ்சாயத்துப் பெட்டியில் பூட்டி வைத்தால், பின்னர் வெட்டப்படும் பெயர் முதல் பெயரைப் போலவே அமையும்.