எட்டு வயசு ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வீடு தேடுறது எப்படி

குட்டின்னா காலைல போஸ்ட் போட்டா சாயங்காலம் ஆள் வந்துடும். எட்டு வயசு, 36 கிலோ, மூஞ்சில நரை விழுந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அப்படி நடக்காது. கறுப்பனை ஈசிஆர் பக்கம் யாரோ விட்டுட்டு போயிருந்தாங்க, அவனுக்கு வீடு கிடைக்க எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. அதுல கத்துக்கிட்டது தான் இது.

போஸ்ட் போடுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. சென்னைன்னா வேப்பேரி வெட்னரி காலேஜ்ல செலவு கம்மி, என்ன கொஞ்சம் சீக்கிரமே போய் நிக்கணும். ரத்த டெஸ்ட்ல கிட்னி, லிவர், உண்ணி காய்ச்சல் எல்லாம் பாத்துடலாம், இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க, ஏன்னா ஷெப்பர்டு, லேப்ரடார், ராட்வீலர் மாதிரி பெரிய நாய்ங்களுக்கு இடுப்பு மூட்டு பிரச்சனை அதிகமா வரும். ரேபிஸ் ஊசி, பல நோய்க்கு சேத்து போடுற செவன் இன் ஒன் ஊசி ரெண்டும் போட்டு கையில கார்டு இருக்கணும். கருத்தடை பண்ணாம மட்டும் குடுத்துடாதீங்க. வயசான நாய்க்கு மயக்க மருந்து குடுக்கலாமான்னு அந்த ரத்த டெஸ்டை பாத்து டாக்டரே சொல்லுவாரு. கருத்தடை பண்ணலைன்னா வர்ற போன்ல பாதி "பேப்பர் (ஜாதி சர்டிஃபிகேட்) இருக்கா, மேட்டிங் விடலாமா"ன்னு தான் இருக்கும்.

போஸ்ட்ல "பாவம், உதவுங்க"ன்னு அழாதீங்க. பாவம் பாத்து கூட்டிட்டு போறவங்க பத்து நாள்ல திருப்பி கொண்டு வந்து விடுவாங்க, எனக்கு ஒரு தடவை நடந்துச்சு. வயசை குறைச்சு சொல்லாதீங்க, மூட்டு மாத்திரை போகுதுன்னா அதையும் எழுதுங்க, மாசம் எப்படியும் 12 கிலோ ட்ரை ஃபுட் ஆகும்னும் சொல்லிடுங்க. போட்டோவை விட வீடியோ நல்லா வேலை செய்யும். படி ஏறுறது, சாப்பிடும்போது பக்கத்துல ஆள் போனா என்ன பண்றான், பூனையை பாத்தா என்ன பண்றான், எல்லாத்தையும் எடுங்க. கறுப்பன் பூனையை பாத்தா விடமாட்டான், அதை ஒளிக்காம சொன்னதால தான் நாலு தப்பான வீடு தானா கழிஞ்சுது.

போன் வந்தா நான் முதல்ல கேக்குறது நாய் எங்க தூங்கும்னு தான். "தோப்புல காவலுக்கு"ன்னு சொன்னா அங்கயே முடிச்சுக்கிறேன், அந்த வயசுல சங்கிலில கிடக்க வேணாம். மாடி வீடுன்னா லிஃப்ட் இருக்கா, கரண்ட் போனா 36 கிலோவை யார் தூக்குவா? வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்க. தரை வழவழன்னு கிரானைட்டா இருந்தா மேட் போட சொல்லுங்க, இடுப்பு வலி இருக்கிற நாய் அதுல வழுக்கி விழும். என் அனுபவத்துல பசங்க காலேஜ் போயிட்ட, ஏற்கனவே நாய் வளத்த வீடு தான் சரியா வரும். வீட்டை நேர்ல போய் பாக்காம குடுக்காதீங்க.

குடுக்குறப்போ அவன் படுத்த பெட்ஷீட்டை துவைக்காம அப்படியே குடுத்துடுங்க, பழைய வாசனை இருந்தா ராத்திரி கொஞ்சம் அடங்குவான். சாப்பாட்டை ஒரு வாரத்துக்கு கலந்து கலந்து மாத்தணும். முதல் மூணு நாள் சரியா சாப்பிடாம மூலைல கிடப்பான், அதை முன்னாடியே சொல்லலைன்னா பயந்துடுவாங்க. முழுசா செட் ஆக மூணு மாசம் ஆகும். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் வேணாம், வெடி சத்தத்துக்கு ஓடிட்டா புது ஏரியால திரும்பி வர வழி தெரியாது. முடியலைன்னா எனக்கே திருப்பி தரணும், வேற யாருக்கும் தரக்கூடாதுன்னு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்குங்க.

காலர் டேக்ல அவங்க நம்பரோட உங்க நம்பரும் இருக்கட்டும். கறுப்பன் ரெண்டாவது நாளே பால்காரர் கேட்டை திறந்த நேரம் பாத்து நழுவிட்டான், ரெண்டு தெரு தள்ளி இஸ்திரி வண்டிக்காரர் தான் புடிச்சு வச்சிருந்தாரு, அவங்க நம்பர் பிஸியா இருக்குன்னு எனக்கு அடிச்சாரு.